அஞ்சு பேர் சுவர் ஓகே... ஆறாவது ஆள் எங்க பாஸ்? - அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலின் பெஞ்ச் பஞ்சம்!

'தி பிளைண்ட் சைட்' படம் பார்த்திருக்கீங்களா? 2009-ல் வந்தது. சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படம். அதில் வரும் பையன் ஆடுற இடத்துக்குப் பேர் லெஃப்ட் டேக்கிள். வலது கையால் பந்து எறியும் குவாட்டர்பேக்குக்கு எறியத் திரும்பும்போது இடதுபக்கம் முதுகுக்குப் பின்னாடி போயிடும். அந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து வரும் ஆளைத் தடுத்து நிறுத்துறதுதான் லெஃப்ட் டேக்கிளோட வேலை. (நிஜ வாழ்க்கையில் அந்த வீரருக்கும் அவரை வளர்த்த குடும்பத்துக்கும் 2023-ல் கோர்ட் வரைக்கும் சண்டை போனது தனிக்கதை.)

படம் முழுக்க அந்தப் பையன் எவ்வளவு பலசாலின்னு காட்டுவாங்க. அந்தப் பையனுக்கு முழங்கால் போயிருந்தா அடுத்து அங்கே நிற்கப் போறது யாருங்கிற கேள்வியைப் படம் கேட்கவே இல்லை. இன்னிக்கு அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் கோச்களோட தூக்கத்தைக் கெடுக்கறது அந்தக் கேள்விதான்.

காலேஜ் மேட்ச்தானேன்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஊர்லேர்ந்து எம்.எஸ் படிக்கப் போன ஃப்ரெண்ட் யாராவது இருந்தா, சனிக்கிழமை அவங்க ஸ்டேட்டஸைப் பாருங்க. ஊரே ஒரே கலர் டி-ஷர்ட்ல ஸ்டேடியத்துக்குப் போயிட்டிருக்கும். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1 லட்சத்துக்கும் மேல சீட் இருக்கு. மிச்சிகன் ஸ்டேடியம் அதைவிடப் பெருசு. டிவி ஒப்பந்தங்கள் பல நூறு கோடி டாலரில் போகுது. இவ்வளவு பெரிய பிசினஸும் பந்தைப் பெரும்பாலும் தொடவே தொடாத அஞ்சு பேர் மேல நிக்குது.

சுவரா, சங்கிலியா?

பந்து வச்சிருக்கும் அணியில் 11 பேர். அதில் நடுவில் வரிசையா நிற்கும் அஞ்சு பேர்தான் ஆஃபென்சிவ் லைன். நடுவில் சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். ஜெர்சி நம்பர் 50-லேர்ந்து 79-க்குள்ள இருக்கும். சாதாரணமா முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்க இவங்களுக்கு அனுமதி இல்லை. பெரிய அணிகளில் பெரும்பாலானவங்க 136 கிலோவுக்கு மேல. கேமரா பந்து பின்னாடியே ஓடுறதால ரசிகர்கள் இவங்களைக் கவனிக்கறதில்லை. தப்பு நடந்தா மட்டும் கமென்டேட்டர் இவங்க பேரைச் சொல்வார்.

வெளியே இருந்து பார்த்தா, குண்டா இருக்கற அஞ்சு பேர் எதிரில் இருக்கறவங்களைத் தள்ளறாங்கன்னுதான் தோணும். உள்ளே நடக்கறது வேற. பந்து கையில் வந்ததும் குவாட்டர்பேக்குக்குக் கிடைக்கும் நேரம் ரெண்டரை, மூணு செகண்டு. அந்த நேரத்துக்குள்ள எதிரணி ஆட்கள் ஒரு தந்திரம் பண்ணுவாங்க. இடதுபக்கம் நிற்கும் ரெண்டு பேர் பாயும்போதே குறுக்கே வெட்டி இடம் மாறுவாங்க. என் ஆள் உன்கிட்ட வர்றான், உன் ஆளை நான் வாங்கிக்கறேன்னு டேக்கிளும் கார்டும் அரை செகண்டில் கைமாத்திக்கணும். பேசி முடிவு பண்ண நேரம் கிடையாது. தோள் திரும்பறதைப் பார்த்தே புரிஞ்சுக்கணும். கண்ணைப் பார்த்ததும் ரன் ஓடக் கிளம்பற பழைய ஓப்பனிங் ஜோடி மாதிரி.

சென்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, யார் யாரைப் பிடிக்கணும்னு கத்திச் சொல்வார். அதாவது பந்தைப் பின்னாடி கொடுக்கறவரே அந்த அஞ்சு பேருக்கும் கேப்டன். அவர் போனா ஒரு ஆள் மட்டும் போகலை, பேசிட்டிருந்த வாயும் போச்சு.

இடம் மாத்தி ஆடறதும் சுலபம் கிடையாது. வலதுபக்கம் ஆடறவருக்கு வலது கால் பின்னாடி போகும், இடதுபக்கம்னா அப்படியே உல்டா. வருஷக்கணக்கா ஒரு பக்கம் பழகின உடம்பை மறுபக்கம் கொண்டு போறதும், வலது கையால சாப்பிடறவர் இடது கையால சோறு பிசையறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வரும், ஆனா சிந்தும். அதனாலதான் 'எங்க கிட்ட 15 பேர் இருக்காங்க'ன்னு ஒரு கோச் சொன்னா நம்பிடாதீங்க. அந்த 15-ல் நாளைக்கே லெஃப்ட் டேக்கிளா நிற்கக்கூடியவர் எத்தனை பேர்? பல அணிகளில் பதில் ஒண்ணரை!

ஓஹையோ ஸ்டேட்: ஒட்டுப்போட்டு வாங்கின கப்

இதுக்கு 2024 சீசனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை. ஓஹையோ ஸ்டேட் அணி அந்த வருஷம் நட்சத்திரக் கூட்டம். ஓட ட்ரெவியோன் ஹெண்டர்சன், குவின்ஷான் ஜட்கின்ஸ்னு ரெண்டு பேர். பிடிக்க ஜெரமையா ஸ்மித். லெஃப்ட் டேக்கிள் ஜோஷ் சிம்மன்ஸ், சான் டியாகோ ஸ்டேட்லேர்ந்து வந்தவர். சென்டர் செத் மெக்லாஃப்லின், அலபாமாவிலிருந்து வந்தவர். அலபாமாவுக்காக ஆடின கடைசி ரோஸ் பவுலில் பந்தைச் சரியா பின்னாடி கொடுக்கலைன்னு மெக்லாஃப்லினை ரசிகர்கள் வறுத்தெடுத்திருந்தாங்க.

அக்டோபர் 12, ஆரிகன் மைதானம். சிம்மன்ஸுக்கு முழங்காலில் அடி. சீசன் முடிஞ்சது. மேட்ச்சும் 32-31-னு ஒரு பாயின்ட்டில் போச்சு. அடுத்த மேட்ச் நெப்ராஸ்காவோட. ரிசர்வில் இருந்த சென் மிச்சால்ஸ்கியை லெஃப்ட் டேக்கிளா இறக்கினாங்க. அன்னிக்கு 21-17-னு தட்டுத்தடுமாறி ஜெயிச்சாங்க. ஓடி எடுத்த தூரம் 100 யார்டைக்கூடத் தொடலை. அந்த மேட்ச்சிலேயே மிச்சால்ஸ்கிக்கும் அடி.

இப்போ கோச் ரயன் டே என்ன பண்ணணும்? அவரும் லைன் கோச் ஜஸ்டின் ஃப்ரையும் எடுத்த முடிவு வித்தியாசமானது. லெஃப்ட் டேக்கிளுக்கு அடுத்த சிறந்த 'டேக்கிளை' அவங்க தேடலை. கையில் இருக்கறதிலேயே சிறந்த ஆளா பார்த்து, லெஃப்ட் கார்டு டானவன் ஜாக்சனை ஓரத்துக்குத் தள்ளினாங்க. கார்டு இடத்துக்கு கார்சன் ஹின்ஸ்மன் வந்தார். ஒரு ஆள் அடிபட்டதுக்கு ரெண்டு இடம் மாறுது, கவனிச்சீங்களா?

ஜாக்சனோட முதல் பரீட்சை பென் ஸ்டேட். எதிரில் அப்துல் கார்ட்டர். பின்னாடி 2025 என்.எஃப்.எல் டிராஃப்ட்டில் மூணாவது ஆளா எடுக்கப்பட்டவர். கார்ட்டர் சில தடவை ஜாக்சனைத் தாண்டினார்தான். ஆனா அந்த மேட்ச்சோட கடைசிக் கட்டத்தைப் பாருங்க. பென் ஸ்டேட்டைக் கோட்டுக்கிட்ட நிறுத்திட்டு, பந்தை வாங்கி, மீதி இருந்த 5 நிமிஷத்துக்கும் மேல ஓஹையோ ஸ்டேட் ஒரு பந்துகூட எறியாம ஓடியே தீர்த்தது. 20-13. ஒட்டுப்போட்ட லைன், எதிராளி மைதானத்தில், எல்லாருக்கும் ஓடத்தான் போறாங்கன்னு தெரிஞ்ச நேரத்தில். அந்த சீசனில் எனக்குப் பிடிச்ச அஞ்சு நிமிஷம் அதுதான்.

கதை அதோட முடியலை. நவம்பரில் இண்டியானா மேட்ச்சுக்கு முன்னாடி, பிராக்டிஸில் சென்டர் மெக்லாஃப்லினுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் டிராஃபி அந்த வருஷம் மெக்லாஃப்லினுக்குத்தான் கிடைச்சது. ஆனா முக்கியமான மேட்ச்சுகளுக்கு அவர் இல்லை. ஹின்ஸ்மன் சென்டர் ஆனார். லெஃப்ட் கார்டுக்கு லூக் மான்ட்கோமரி. நவம்பர் 30-ல் பரம எதிரி மிச்சிகனோட 13-10-னு தோல்வி. சொந்த மைதானத்தில், 26 தடவை ஓடி வெறும் 77 யார்டு. நடுவில் முட்டி முட்டி நின்னது. ரயன் டேவைத் தூக்கணும்னு ஊரே கத்தின வாரம் அது.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். டென்னஸியை 42-17, ஆரிகனை 41-21, டெக்சாஸை 28-14, ஃபைனலில் நோட்ரே டேமை 34-23. 2025 ஜனவரி 20-ல் தேசிய சாம்பியன். ஃபைனலில் ஜட்கின்ஸ் 11 ஓட்டத்தில் 100 யார்டு. லைன் கெட்டியானது எப்படின்னா, புதுசா யாரும் வரலை. அதே அஞ்சு பேர் சேர்ந்து பிராக்டிஸ் பண்ணாங்க, அவ்வளவுதான்.

எதிரில் நின்ன நோட்ரே டேம் கதையும் கிட்டத்தட்ட இதேதான். லெஃப்ட் டேக்கிளா வரவேண்டிய சார்லஸ் ஜகுசா சீசன் தொடங்கும் முன்னாடியே நெஞ்சுத் தசை கிழிஞ்சு வெளியே போனார். அந்த இடத்துக்கு முதலாமாண்டு மாணவர் ஆன்தனி நாப். சென்டர் ஆஷ்டன் கிரெய்க்குக்கு செப்டம்பரிலேயே முழங்கால் போச்சு. அப்போ உள்ளே வந்தவர் பேட் கூகன். 2023 முழுக்க லெஃப்ட் கார்டா ஆடி, 2024 கேம்ப்பில் இடத்தைப் பறிகொடுத்து பெஞ்ச்சுக்குப் போனவர். கோபத்தில் வேற காலேஜுக்குக் கிளம்பியிருக்கலாம். கிளம்பலை. அவர் இருந்ததாலதான் நோட்ரே டேம் ஃபைனல் வரைக்கும் போச்சுன்னு சொன்னா மிகையில்லை. ஃபைனலுக்கு முந்தின மேட்ச்சில் நாப் அடிபட, காயம் ஆறி வந்த ஜகுசாதான் ஃபைனலில் லெஃப்ட் டேக்கிள். ஆக, நாட்டின் டாப் ரெண்டு அணியும் ஃபைனலில் இறக்கினது ஆகஸ்ட்டில் போட்ட பிளான்படி இருந்த லைனை இல்லை.

பெஞ்ச்சில் உட்கார யாரும் தயாரா இல்லை... ஏன்?

'அப்போ பெஞ்ச்சில் நல்ல ஆளா வச்சுக்க வேண்டியதுதானே?' இங்கேதான் சிக்கல்.

லைன்மேன் ஒரே நாளில் ரெடியாக மாட்டார். ஸ்கூலில் இருந்து வரும் பையனுக்கு எடை இருக்கும், ஆனா அது ஆடறதுக்கான எடையா இருக்காது. கொழுப்பைத் தசையா மாத்தணும். எதிரில் நிற்கப் போறவர் 22 வயசு ஆம்பளை. வேகமா ஓடும் ரிசீவர் முதல் வருஷமே ஜொலிக்கலாம். லைன்மேனுக்கு ரெண்டு, மூணு வருஷம் ஜிம், சாப்பாடு, பிராக்டிஸ்னே போகும். காலேஜ் விதியும் அதுக்கு ஏத்த மாதிரிதான் இருந்தது. அஞ்சு வருஷத்துக்குள்ள நாலு சீசன் ஆடலாம், ஒரு வருஷம் உட்கார்ந்து உடம்பைத் தேத்தலாம். அதுக்குப் பேர் ரெட்ஷர்ட். 2018-லேர்ந்து அந்த வருஷத்திலேயே நாலு மேட்ச் வரைக்கும் ஆடிக்கலாம்னு தளர்த்தினாங்க.

அதே 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. மாற விரும்பும் வீரர் பேரைப் போட்டா எந்தக் காலேஜும் பேசலாம். 2021-ல் ஒரு தடவை மாறினா உடனே ஆடலாம்னு விதி வந்தது. 2024-ல் எத்தனை தடவை வேணும்னாலும் மாறலாம்னு ஆச்சு. நடுவில் 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பேர், முகத்தை வச்சு விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூன் 6-ல் கோர்ட் ஒப்புதல் கொடுத்த ஹவுஸ் வழக்கு சமரசத்துக்கு அப்புறம், காலேஜே நேரடியா வீரர்களுக்குப் பணம் தரலாம். 2025-26-க்கு ஒரு காலேஜுக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய காலேஜ்களில் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கு.

இப்போ நீங்க அந்த ஏழாவது ஆள்னு வச்சுக்கோங்க. வயசு 20. ரெண்டு வருஷமா தினமும் அஞ்சு, ஆறு வேளை சாப்பிட்டு, விடிகாலையில் எடை தூக்கி, பிராக்டிஸில் சீனியர்கிட்ட அடி வாங்கி ரெடியாகிட்டீங்க. உங்க முன்னாடி இருக்கறவர் இன்னும் ஒரு வருஷம் இருப்பார். பக்கத்து மாநிலக் காலேஜ் ஒண்ணு, 'இங்கே வா, முதல் நாளிலேர்ந்து நீதான் டேக்கிள், பணமும் அதிகம்'னு சொல்லுது. போவீங்களா, மாட்டீங்களா?

நான் போவேன். இதுக்கு 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு விசுவாசம் இல்லை'ன்னு டிவியில் பாடம் எடுக்கற முன்னாள் வீரர்களைப் பார்த்தா சிரிப்புதான் வருது. கோச்கள் எப்பவும் சீசன் முடிஞ்சதும் பெரிய சம்பளத்துக்கு மாறிக்கிட்டேதான் இருக்காங்க. மேல சொன்ன ஜஸ்டின் ஃப்ரைகூட கப் வாங்கின கையோட என்.எஃப்.எல் வேலைக்குப் போயிட்டார். 136 கிலோ உடம்போட முழங்கால் எத்தனை வருஷம் தாங்கும்னு யாருக்கும் தெரியாது. சம்பாதிக்க இருக்கற ஜன்னல் ரொம்பச் சின்னது.

ஆனா அதோட விளைவு என்னன்னா, எல்லா அணியிலும் முதல் அஞ்சு பேரைக் காசு கொடுத்து சேர்த்துடலாம், ஆறாவது, ஏழாவது ஆளைத் தக்கவைக்கறதுதான் கஷ்டம். ஆடாதவருக்கு ஆடறவர் சம்பளம் தர முடியாது. தராட்டி அவர் இருக்க மாட்டார்.

இந்தப் பயம் எந்த அளவுக்குப் போயிருக்குன்னா, 2025-ல் நெப்ராஸ்கா கோச் மேட் ரூல், வழக்கமா வசந்த காலத்தில் ரசிகர்களுக்காக நடத்தும் மேட்ச்சையே நிறுத்தினார். முந்தின வருஷம் டிவியில் பார்த்துட்டு மத்த காலேஜ்கள் தன் பசங்களைத் தூக்கப் பார்த்தாங்கங்கறது அவர் சொன்ன காரணம். வீட்டில் நல்ல பொருள் இருக்குன்னு தெருவில் காட்டக் கூடாதுன்னு நம்ம பாட்டிங்க சொல்வாங்கல்ல, கிட்டத்தட்ட அதே லாஜிக்.

ஹவுஸ் சமரசத்தோட இன்னொரு பக்கமும் இருக்கு. முன்னாடி 85 பேருக்கு ஸ்காலர்ஷிப், அதுக்கு மேல சொந்தக் காசில் படிச்சுக்கிட்டே ஆடும் 'வாக்-ஆன்' பசங்க. பல அணிகளில் மொத்தம் 120-ஐத் தாண்டும். இப்போ இந்தச் சமரசத்தில் சேர்ந்த காலேஜ்களில் மொத்தமே 105 பேர்தான். வெட்டு விழறது அந்த வாக்-ஆன் பசங்க மேல. மேட்ச்சில் அவங்க பேர் வராது. ஆனா பிராக்டிஸில் ரெண்டு முழு லைன் இறக்கணும்னா 10 பேர் வேணும். மூணு பேருக்குக் காயம், ரெண்டு பேர் போர்ட்டலில் போயாச்சுன்னா, மிச்சம் இருக்கறவங்களே திரும்பத் திரும்ப நிக்கணும். களைச்ச உடம்பில் அடுத்த காயம். ஒரு காயம் இன்னொரு காயத்தைக் கூப்பிட்டு வர்றது இப்படித்தான்.

இதுக்கு நடுவில் சீசனும் நீண்டுக்கிட்டே போகுது. 2024-லேர்ந்து பிளே-ஆஃபில் 12 அணிகள். ஓஹையோ ஸ்டேட், நோட்ரே டேம் ரெண்டும் அந்த வருஷம் தலா 16 மேட்ச் ஆடினாங்க. என்.எஃப்.எல் அணிகளே லீக் கட்டத்தில் 17தான். இவங்க நடுவில் எக்ஸாமும் எழுதணும்!

பலம் இருந்தும் பத்தலை

சரி, பெரிய காலேஜ்னா ஸ்டார் பசங்க வரிசையில் நிப்பாங்களே? டெக்சாஸைக் கேளுங்க. 2024-ல் அவங்க லைனில் இருந்த கெல்வின் பேங்க்ஸ், சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் டிராஃபி ஜெயிச்சவர். அந்த சீசன் முடிஞ்சதும் அஞ்சில் நாலு பேர் கிளம்பிட்டாங்க. பேங்க்ஸ் டிராஃப்ட்டில் ஒன்பதாவது. 2025 தொடங்கும்போது ஏ.பி தரவரிசையில் டெக்சாஸ் நம்பர் 1. சீசனுக்கு முன்னாடி அந்த இடம் அவங்களுக்குக் கிடைச்சது அதுதான் முதல் தடவை. குவாட்டர்பேக் ஆர்ச் மேனிங். பேய்ட்டன் மேனிங், ஈலை மேனிங்கோட அண்ணன் மகன். மொத்த அமெரிக்காவும் அவரைத்தான் பார்த்துச்சு. லைனைப் பார்த்தவங்க கம்மி.

முதல் மேட்ச்சிலேயே ஓஹையோ ஸ்டேட்கிட்ட 14-7 தோல்வி. அக்டோபரில் ஃபுளோரிடாகிட்ட 29-21. அன்னிக்கு மேனிங்கை ஆறு தடவை கீழே தள்ளினாங்க. 'ஓவர்ரேட்டட்'னு மீம்ஸ் பறந்தது மேனிங் பேரில்தான். புது லைனில் இருந்தவங்க பலம் இல்லாதவங்க கிடையாது. ஸ்கூலில் நாடு முழுக்கத் தேடி எடுத்த பசங்க. தோள் திரும்பறதைப் பார்த்தே புரிஞ்சுக்கணும்னு சொன்னேனே, அந்தப் பழக்கத்துக்குத்தான் நேரம் பத்தலை. சீசன் பிற்பாதியில் மேனிங் தேறினார். ஆனா பிளே-ஆஃப் வாய்ப்பு அதுக்குள்ள போயிடுச்சு.

எல்.எஸ்.யூ-வும் அதே வருஷம் நாலு லைன்மேன்களை டிராஃப்ட்டுக்குக் கொடுத்தது. அதில் வில் கேம்ப்பெல் நாலாவது ஆளா போனார். 2025 அக்டோபரில் கோச் பிரையன் கெல்லியை வேலையை விட்டுத் தூக்கினாங்க. காரணம் லைன் மட்டும்தான்னு சொல்ல மாட்டேன், அங்கே சண்டைகள் நிறைய. ஆனா நாலு பேரை ஒரே வருஷத்தில் இழந்த அணி பழையபடி ஓடும்னு எதிர்பார்த்ததே பேராசை.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம் இருக்கு. சிறந்த லைனுக்கு வருஷா வருஷம் கொடுக்கற ஜோ மூர் விருது தனி ஆளுக்கு இல்லை, மொத்த லைனுக்கும் சேர்த்துத்தான். அலபாமா, மிச்சிகன் மாதிரி ராட்சசர்கள் வாங்கற விருது. 2024-ல் அதை வாங்கினது வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி அணி, ஆர்மி. அங்கே படிக்கறவங்க முடிச்சதும் ராணுவத்துக்குப் போகணும். விளம்பரக் காசு வாங்க முடியாது. போர்ட்டலில் ஆள் எடுக்கற பேச்சும் கிட்டத்தட்ட கிடையாது. உடம்பும் மத்தவங்களைவிடச் சின்னது. ஆனா ஒண்ணா வளர்ந்தவங்க. ஒரு மேட்ச்சுக்குச் சராசரியா 300 யார்டு ஓடி, நாட்டிலேயே முதலிடம். 12 வெற்றி, 2 தோல்வி.

இதைக் கேட்டதும் 'ஒற்றுமையே பலம்'னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. அந்த ரெண்டு தோல்வியில் ஒண்ணு நோட்ரே டேம்கிட்ட, 49-14. எதிரில் நிஜமான பெரிய உடம்பு வந்து நின்னப்போ ஒற்றுமை மட்டும் காப்பாத்தலை. பலமும் வேணும், பழக்கமும் வேணும், மூணாவதா ரிசர்வும் வேணும். மூணையும் ஒரே நேரத்தில் வச்சிருக்கற காலேஜ்களை ஒரு கை விரலில் எண்ணிடலாம்.

தட்டில் இருக்கும் சுமை

இந்தப் பசங்க சுமக்கற எடையைப் பத்தியும் பேசணும். நம்மில் பலர் எடை குறைக்கப் படாதபாடு படறோம். அவங்களுக்கு எடை குறைஞ்சா இடம் போயிடும். பசி இல்லாட்டியும் சாப்பிடறது அவங்களுக்கு டியூட்டி. ஜிம்மில் 102 கிலோ பாரை நெஞ்சு மேல வச்சு எத்தனை தடவை தூக்கறாங்கன்னு என்.எஃப்.எல் தேர்வு முகாமில் எண்ணுவாங்க. அதே நேரம் கால் நடனக்காரர் மாதிரி நகரணும். நிறைய பேர் ரெண்டு முழங்காலிலும் இரும்புப் பட்டை மாட்டிக்கிட்டுதான் பிராக்டிஸுக்கே வருவாங்க.

ஜோ தாமஸ்னு ஒருத்தர். விஸ்கான்சின் காலேஜ்லேர்ந்து போய் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸில் லெஃப்ட் டேக்கிளா 10,363 ஸ்னாப் தொடர்ச்சியா ஆடியவர். அதாவது பத்து வருஷத்துக்கும் மேல ஒரு பந்துக்குக்கூட வெளியே உட்காரலை. 2018-ல் ரிட்டயர் ஆனதும் 20 கிலோவுக்கு மேல குறைச்சுட்டார். இப்போ அவர் போட்டோவைப் பார்த்தா ஆளே வேற. அவ்வளவு எடையும் வேலைக்காகப் போட்ட யூனிஃபார்ம் மாதிரிதான் இருந்திருக்கு. ஆனா அவரை மாதிரி என்.எஃப்.எல் வரை போறவங்க ரொம்பக் கொஞ்சம். காலேஜோட முடிஞ்சுபோற ஏழாவது, எட்டாவது ஆளுக்கும் அதே எடை, அதே முழங்கால். பெஞ்ச்சில் உட்கார்றதும் சும்மா உட்கார்றது இல்லை.

கடை மூடியாச்சு!

2024 ஃபைனலில் மோதின ரெண்டு அணிகளோட லைன்மேன்கள் அடுத்த வருஷம் எங்கே போனாங்க தெரியுமா? ஓஹையோ ஸ்டேட் லைனில் இருந்த ஜாக்சன் டிராஃப்ட்டில் 24-வது, அடிபட்ட சிம்மன்ஸே 32-வது. நெப்ராஸ்கா மேட்ச்சில் தடுமாறின மிச்சால்ஸ்கி, போர்ட்டல் வழியா இண்டியானா போனார். நோட்ரே டேமைத் தாங்கிப் பிடிச்ச பேட் கூகனும் இண்டியானா. ஆமா, காலம் காலமா தோத்தே பேர் வாங்கின அதே இண்டியானா. ஏற்கெனவே அங்கே இருந்த பசங்களோட இவங்களும் சேர, 2025 சீசனில் கூகன்தான் சென்டர். பிக் டென் ஃபைனலில் ஓஹையோ ஸ்டேட்டை 13-10. ரோஸ் பவுலில் அலபாமாவை 38-3. அதில் ஆஃபென்ஸ் பக்க ஆட்டநாயகன் விருதே கூகனுக்கு. ஒரு சென்டருக்கு! 2026 ஜனவரி 19-ல் மியாமியை 27-21-னு ஜெயிச்சு, 16-க்கு 16, தேசிய சாம்பியன்.

இதைப் பார்த்து எல்லாக் காலேஜும் போர்ட்டலில் அனுபவமுள்ள லைன்மேனைத் தேடி ஓடுது. ஆனா விதி இங்கேயும் மாறியிருக்கு. முன்னாடி டிசம்பர் பக்கம் ஒரு தடவை, ஏப்ரல்ல ஒரு தடவைன்னு போர்ட்டல் திறக்கும். 2026-ல் ஜனவரி 2 முதல் 16 வரை, ஒரே தடவை. வசந்த கால பிராக்டிஸில் ஒருத்தருக்கு முழங்கால் போனா ஏப்ரலில் போய் ஆள் பிடிக்கற வழி அடைபட்டுப் போச்சு. பசங்களை அடிக்கடி தூக்கறது குறையும்ங்கற வகையில் எனக்கு இந்த மாற்றம் பிடிச்சிருக்கு. ஆனா ஜனவரியில் தப்புக் கணக்கு போட்ட கோச்சுக்கு ஆகஸ்ட்டில் கையில் இருக்கறது அந்தப் பெஞ்ச் மட்டும்தான்.

அடுத்த தடவை ஃப்ரெண்டோட ஹாஸ்டல் ரூம் வீடியோ காலிலோ, ஹைலைட்ஸிலோ ஒரு மேட்ச் பார்க்கும்போது இதைக் கவனிங்க. லைன்மேன் ஒருத்தர் நொண்டிக்கிட்டு வெளியே போறார், புது நம்பர் உள்ளே வருது. பந்தை விட்டுட்டு அந்தப் பக்கமே கண்ணை வைங்க. கோச் புது ஆள் பக்கத்தில் இன்னொருத்தரைத் துணைக்கு நிறுத்தறாரா? ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டிய ரன்னிங் பேக் அங்கேயே நின்னு தடுக்கறாரா? குவாட்டர்பேக் ஒண்ணரை செகண்டில் பந்தைக் கைவிட்டுடறாரா? அப்படின்னா அந்த ஆறாவது ஆள் மேல கோச்சுக்கு நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். எதிரணி கோச்சும் அதையேதான் பார்த்துக்கிட்டிருப்பார். அடுத்த பந்துக்கு அவரோட வேகமான ஆள் எந்தப் பக்கம் வந்து நிற்கறார்னு பாருங்க.